பாட்டி வீட்டுக்கு அனுப்பப்பட்ட மகள்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு மலரின் மகளிர் பக்கத்தில் ஷெர்லி சிஸம் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். 1968-ல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பினப் பெண்ணும், 1972-ல் ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராகத் தேர்வு பெறத் துணிந்து களமிறங்கியவருமான அவரைத் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் செய்துவைத்ததற்கு முதலில் என் நன்றி. ஆனால், அக்கட்டுரையில் உள்ள இரண்டு வாக்கியங்களைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அவர் ‘வறுமையில் உழன்ற பெற்றோரால் கைவிடப்பட்டுப் பாட்டி வீட்டில் வளர்ந்தவர்’ என்பது ஒன்று. ‘யாருடைய துணையும் இன்றித் தன்னந்தனியே உயர்ந்தவர்’ என்பது மற்றொன்று. முதலாவது உண்மைக்குப் புறம்பானது. இரண்டாவது வாக்கியம் காதுக்கு இனிமையாக இருந்தாலும், அவரை உருவாக்கிய வீட்டையும், அந்த வீட்டுக்காக உழைத்துத் தேய்ந்த பெண்களையும் ஒரே வீச்சில் துடைத்துப் போட்டுவிடுகிறது.

நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஓர் அரசுப் பள்ளியில் நெடுங்காலம் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். என் வகுப்பில் படித்த பெண்பிள்ளைகளில் பெரும்பாலோர் பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட், கிரெனடா, கயானா, ஹெயிட்டி ஆகிய கரீபிய நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்களின் மகள்கள். அவர்களுடைய தாய்மார்களிடம் பெற்றோர் சந்திப்புகளிலும் அதற்கு வெளியிலும் நிறையப் பேசியிருக்கிறேன். ‘கைவிடப்பட்ட’ என்ற சொல்லை அவர்கள் முன்னால் உச்சரித்திருந்தால் என்னை வாசலோடு திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

முதலில் ஷெர்லியின் கதையையே எடுத்துக்கொள்வோம். அவருடைய தாய் ரூபி சீல் பார்படாஸ் தீவிலிருந்து 1921-ல் நியூயார்க் வந்தவர். தந்தை சார்லஸ் செயின்ட் ஹில், அன்றைய பிரிட்டிஷ் கயானாவில் பிறந்து, கியூபா வழியாக 1923-ல் வந்தவர். அந்தக் காலத்தில் பார்படாஸ் என்பது கரும்புத் தோட்ட முதலாளிகளின் பிடியில் இருந்த, ஏழைக்குக் காணி நிலமும் மிஞ்சாத சிறு தீவு. பனாமா கால்வாய் வெட்டப்போன ஆண்கள் வியர்வை சிந்தி அனுப்பிய பணம்தான் அங்கே பல குடும்பங்களுக்கு நியூயார்க் கப்பல் கட்டணமாக மாறியது. அப்படி வந்து சேர்ந்தவர்களுக்கு இரண்டே இரண்டு குறிக்கோள்கள்: சொந்தமாக ஒரு வீடு, பிள்ளைகளுக்குப் படிப்பு. ஷெர்லி 1924 நவம்பர் 30 அன்று புரூக்ளினில் பிறந்தார். அடுத்தடுத்து இரண்டு தங்கைகள். தந்தை அடுமனையில் எடுபிடியாகவும் சாக்குப்பை தைக்கும் தொழிற்சாலையில் கூலியாகவும் வேலை பார்த்தார். தாய் வீட்டிலிருந்தபடியே துணி தைத்தார். மூன்று கைக்குழந்தைகளை வைத்துக்கொண்டு தையல் இயந்திரத்தின் முன் உட்காருவது எப்படிப்பட்ட பாடு என்பதைத் தமிழ்நாட்டில் வீட்டுத் தையல் செய்யும் எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் சொல்வார்.

அப்போது அவர்கள் எடுத்த முடிவுதான் குழந்தைகளைப் பார்படாஸில், கிறைஸ்ட் சர்ச் வட்டாரத்தின் வாக்ஸால் கிராமத்தில் இருந்த தாய்வழிப் பாட்டி எமலின் சீலிடம் அனுப்பிவைப்பது. நியூயார்க்கில் குழந்தையைக் காசு கொடுத்துப் பிறரிடம் விட்டால் தாயின் கூலி அதற்கே சரியாகிவிடும். பாட்டியிடமோ ஒரு சிறு பண்ணை இருந்தது, காய்கறியும் கோழியும் இருந்தன, எல்லாவற்றுக்கும் மேலாக நம்பிக்கை இருந்தது. இரண்டு பேரும் முழு நேரம் உழைத்து, வீட்டுக்கும் படிப்புக்கும் சேமித்து, பிறகு பிள்ளைகளை அழைத்துக்கொள்வது என்பதுதான் ஏற்பாடு. 1934-ல் அப்படியே அழைத்தும் கொண்டார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் ஒரே அறையில் எல்லா வகுப்புகளும் நடந்த கிராமத்துப் பள்ளியில், பிரம்பும் கண்டிப்பும் நிறைந்த பிரிட்டிஷ் முறைக் கல்வி ஷெர்லிக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் தன்னால் சரளமாகப் பேசவும் எழுதவும் முடிவதற்கு அந்தப் பள்ளிதான் காரணம் என்று அவரே நன்றியோடு குறிப்பிட்டிருக்கிறார். பேச்சில் தீவின் சாயல் கடைசிவரை அவரை விட்டுப் போகவில்லை.

இதனால் அந்தப் பிரிவு வலிக்கவில்லை என்று சொல்ல வரவில்லை. நிச்சயமாக வலித்திருக்கும், அனுப்பிய தாய்க்கும் சேர்த்துத்தான். அந்த வலியை நான் நேரில் பார்த்தது பல பத்தாண்டுகள் கழித்து, 1965-ம் ஆண்டு குடியேற்றச் சட்டத்தின் கதவு திறந்த பிறகு வந்த தலைமுறையில். இம்முறை பெரும்பாலும் பெண்கள்தாம் முதலில் வந்தார்கள்: செவிலியராக, மருத்துவமனை உதவியாளராக, பணக்கார வீடுகளில் குழந்தை பார்ப்பவராக. தங்கள் குழந்தைகளைத் தீவில் பாட்டியிடமோ பெரியம்மாவிடமோ விட்டுவிட்டு வந்து, மன்ஹாட்டனில் அடுத்தவர் குழந்தையைத் தூக்கி வளர்த்தார்கள். எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை செய்த கிரெனடாப் பெண்மணி ஒருவரின் வீட்டு நடைவழியில் இடுப்பளவு உயரமுள்ள நீல நிற பிளாஸ்டிக் பீப்பாய் ஒன்று எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அடியில் அரிசியும் எண்ணெய் டின்களும், அதற்கு மேல் சோப்பு, பற்பசை, பால் மாவு, இடுக்குகளில் எல்லாம் துணிமணி என்று வாரக்கணக்கில் அது நிரம்பும்; நிரம்பியதும் கப்பலேறும். மகளுக்குச் செருப்பும் பள்ளிக் காலணியும் வாங்க அவருக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. அங்கே பாட்டி, சிறுமியைக் காகிதத்தின் மேல் நிற்கவைத்துப் பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு இழுத்துத் தபாலில் அனுப்புவார். இங்கே தாய் அந்தக் காகிதத்தைக் கடைக்கு எடுத்துச் சென்று காலணிக்குள் வைத்து அளந்து பார்ப்பார். பழைய காகிதங்களை அவர் எறிந்ததே இல்லை. ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, பாதம் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எனக்கு ஒருமுறை காட்டினார்.

இப்படி வளர்ந்த பெண்பிள்ளை பத்து, பன்னிரண்டு வயதில் நியூயார்க் வந்து இறங்கும்போது, தாய் அவளுக்குத் தொலைபேசியில் கேட்டுப் பழகிய ஒரு குரல் மட்டுமே. பாட்டியைப் பிரிந்த துக்கம் ஒரு பக்கம், புதுத் தாயின் கண்டிப்பு ஒரு பக்கம். அவள் இல்லாத காலத்தில் இங்கே பிறந்த தம்பிக்கு அம்மாவின் மடியில் இருக்கும் உரிமை தனக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி வேறு. பள்ளியோ அவளை ஒரு வகுப்பு இறக்கிப் போடும். 1934-ல் ஷெர்லிக்கும் இதேதான் நடந்தது. பார்படாஸில் நன்றாகப் படித்துக்கொண்டிருந்த அவரை, அமெரிக்க வரலாறும் புவியியலும் தெரியவில்லை என்பதற்காகக் கீழ் வகுப்பில், தன்னைவிடச் சிறிய பிள்ளைகளோடு உட்காரவைத்தார்கள். சலிப்பில் வகுப்பில் குறும்பு செய்து திட்டு வாங்கிய அவர், தனியாகப் பாடம் சொல்லிக் கொடுத்ததும் விரைவிலேயே தன் வயதுக்குரிய வகுப்பை எட்டிப் பிடித்தார். என் காலத்திலும் தீவுகளிலிருந்து வந்த சிறுமிகளின் பேச்சு நடையைக் கேட்டவுடனே ‘இவளுக்கு ஆங்கிலம் போதாது’ என்று முடிவுகட்டிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்.

மகள்களின் மேல் விழுந்த பாரத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மகன்களுக்கு அது அதே அளவில் விழவில்லை. மூன்றாவதாகக் கடைசித் தங்கையும் பிறந்த பிறகு ரூபி சீல் வெள்ளையர் வீடுகளில் வேலைக்குப் போக வேண்டி வந்தது. அப்போது மூத்தவளான ஷெர்லியின் கழுத்தில் கயிறு கோத்து வீட்டுச் சாவியை மாட்டிவிட்டார். மதிய இடைவேளையில் தங்கைகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வந்து, கதவைத் திறந்து, பாலும் ரொட்டியும் கொடுத்து, மறுபடி பள்ளியில் கொண்டுபோய் விடுவது அந்தச் சிறுமியின் பொறுப்பு. தாய் வேலை முடிந்து வரும் நேரத்துக்குள் வீடு ஒழுங்காக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தேவாலயம். நடனம், ஊர்சுற்றல் எதற்கும் இடமில்லை. நூலகத்துக்கு மட்டும் தடை இல்லை. தந்தையோ ஐந்தாம் வகுப்பளவே படித்தவர் ஆயினும், கையில் கிடைத்த செய்தித்தாள்களை எல்லாம் வாசித்துவிடுவார். ஜமைக்காவில் பிறந்து நியூயார்க்கின் ஹார்லெமில் கறுப்பின மக்களின் பேரியக்கத்தை எழுப்பிய மார்கஸ் கார்வியின் மேல் அவருக்கு அளவற்ற பக்தி; தொழிற்சங்கத்தின் மேலும் அப்படியே. நண்பர்கள் கூடி அவர் வீட்டுச் சமையலறை மேசையில் அரசியல் பேசும்போது, படுத்திருந்த பெண்பிள்ளைகளின் காதில் எல்லாம் விழுந்துகொண்டிருந்தது. அரசியல் பாடத்தைக் கல்லூரிக்குப் போய்த்தான் கற்றார் என்று தங்கள் கட்டுரையாளர் எழுதியிருப்பது அரை உண்மைதான்.

இனி வீட்டுக் கணக்குக்கு வருகிறேன், ஏனெனில் ‘தன்னந்தனியே’ என்பது இங்கேதான் பொய்த்துப் போகிறது. 1930-களின் பொருளாதார மந்தத்தில் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதித் தெருமுனைகளில் கறுப்பினப் பெண்கள் காலையில் வரிசையாக நிற்பார்கள். வெள்ளையர் வீட்டுப் பெண்கள் வந்து, ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு சில்லறை என்று பேரம் பேசி, தரை துடைக்க அழைத்துப் போவார்கள். எல்லா பேக்கர் என்ற செயற்பாட்டாளரும் மார்வெல் குக் என்ற பத்திரிகையாளரும் 1935-ல் இதை நேரில் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அதே 1935-ல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டமும், 1938-ல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் வீட்டுவேலை செய்பவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. வங்கிகளோ, கறுப்பின மக்கள் வாழ்ந்த, அரசு வரைபடத்தில் சிவப்பாகக் குறிக்கப்பட்ட, புரூக்ளினின் பெட்ஃபோர்டு ஸ்டைவசன்ட் போன்ற வட்டாரங்களை, வீட்டுக் கடன் தருவதற்கு ஆபத்தான இடம் என்று ஒதுக்கிவைத்தன. கூலிக்குச் சட்டம் இல்லை, வீட்டுக்குக் கடன் இல்லை என்ற நிலையில் அந்தத் தீவுப் பெண்கள் என்ன செய்தார்கள் என்றால், நம் ஊரில் பெண்கள் காலங்காலமாகச் செய்வதையே செய்தார்கள்: சீட்டுப் பிடித்தார்கள். டிரினிடாட்காரர்கள் ‘சூசூ’ என்பார்கள், ஜமைக்காக்காரர்கள் ‘பார்ட்னர்’ என்பார்கள். வாரா வாரம் ஆளுக்கு இவ்வளவு என்று போட்டு, முறை வந்தவர் மொத்தத்தையும் எடுத்துக்கொள்வார். எழுத்து கிடையாது, பத்திரம் கிடையாது. ஏமாற்றினால் தேவாலயத்தில் தலைகாட்ட முடியாது, அவ்வளவுதான். அந்தப் பணத்தில் முன்பணம் கட்டி, மாடி அறைகளை வாடகைக்கு விட்டு, மீதியைத் தவணையில் அடைத்து, செங்கல் வீடுகளை ஒன்றொன்றாக அந்தப் பெண்கள் சொந்தமாக்கினார்கள். ஷெர்லியின் பெற்றோரும் பல ஆண்டுச் சேமிப்பில் 1940-களின் நடுவில் ஒரு வீடு வாங்கினார்கள்.

அந்த வீட்டுக்கும் ஒரு விலை இருந்தது. ஷெர்லிக்கு வெளியூரில் இருந்த புகழ்பெற்ற கல்லூரிகளில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தும், விடுதிச் செலவுக்குக் குடும்பத்தால் முடியாததால், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய, கல்விக் கட்டணம் இல்லாத புரூக்ளின் கல்லூரியில் சேர்ந்து 1946-ல் பட்டம் பெற்றார். குடும்பம் ஒரு கனவை எட்டுவதற்காக மகள் தன் கனவைச் சற்றுச் சுருக்கிக்கொண்டாள் என்றே நான் இதைப் படிக்கிறேன். இதைத் தியாகம் என்று புகழ எனக்கு மனம் வரவில்லை. எத்தனையோ மாணவிகளிடம் இந்தச் சுருக்கலைப் பார்த்துவிட்டேன்.

தங்கள் கட்டுரை 1972 அதிபர் போட்டிக்கே பாதி இடத்தைக் கொடுத்திருந்தது. என்னைக் கேட்டால், இந்த வீட்டின் கதை அதைவிடத் தெளிவாகத் தெரிவது வேறு இரண்டு இடங்களில். கல்லூரி முடித்த ஷெர்லி மழலையர் பள்ளி ஆசிரியையானார். பின்னர் மன்ஹாட்டனில் ஒரு பெரிய குழந்தைகள் காப்பகத்தின் இயக்குநராக இருந்தார். சபைக்குப் போனதும், வேலைக்குப் போகும் தாய்மார்களுக்காக அரசுச் செலவில் குழந்தைகள் காப்பகங்கள் வேண்டும் என்று பெல்லா ஆப்சக் என்ற சக உறுப்பினரோடு சேர்ந்து போராடினார். அப்படியொரு சட்டம் 1971-ல் இரு அவைகளிலும் நிறைவேறியும், அந்த டிசம்பரில் அதிபர் நிக்சன் தமது மறுப்பு அதிகாரத்தால் அதைத் தடுத்துவிட்டார். குடும்பத்தின் இடத்தில் கூட்டு வளர்ப்பைக் கொண்டுவருகிறது என்பது அவர் சொன்ன காரணங்களுள் ஒன்று. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கடல் கடந்து பாட்டியிடம் அனுப்பவேண்டி வந்த குடும்பத்தின் மகளுக்கு அந்தக் காரணம் எப்படி ஒலித்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டாவது, 1974. வீட்டுவேலை செய்பவர்களுக்கும் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பொருந்தும் என்று அந்த ஆண்டு திருத்தம் வந்தது. அதற்காக முன்னின்று உழைத்தவர்களில் ஷெர்லி சிஸம் ஒருவர். ரூபி சீல் பிறர் வீட்டுத் தரையைத் துடைத்த காலத்தில் இல்லாத சட்டத்தை, கழுத்தில் சாவி மாட்டியிருந்த அவருடைய மகள் கொண்டுவரப் பாடுபட்டார். தங்கள் கட்டுரையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை என்பதுதான் என் பெரிய மனக்குறை.

அந்தச் சட்டத்திலும் ஓர் ஓட்டை இருந்தது. முதியோருக்கு வீட்டில் துணையாக இருந்து பார்த்துக்கொள்பவர்களுக்கு அது பொருந்தாது என்று ஒரு விலக்கு. நியூயார்க்கில் இந்த வேலையைச் செய்பவர்களில் கரீபியப் பெண்கள் ஏராளம். ஜமைக்காவில் பிறந்த எவலின் கோக் என்ற பெண்மணி, மிகைநேர வேலைக்கு உரிய கூலி கேட்டுத் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2007-ல் நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தார்கள். அவர் 2009-ல் காலமானார். நியூயார்க் மாநிலம் 2010-ல் வீட்டுவேலையாளர் உரிமைச் சட்டத்தை நாட்டிலேயே முதலாவதாக இயற்றியது. எவலின் கோக் கேட்டதைக் கொடுக்கும் மத்திய அரசின் விதி 2015-ல்தான் நடைமுறைக்கு வந்தது. என் மாணவிகளில் பலர் இப்படிப்பட்ட தாய்மார்களின் மகள்கள். வாரம் முழுக்க யாரோ ஒரு முதியவரின் வீட்டிலேயே தங்கி வேலை பார்க்கும் தாய், சனிக்கிழமை இரவு வந்து மதிப்பெண் பட்டியலைப் புரட்டி, ‘தொண்ணூற்றிரண்டு வாங்கியிருக்கிறாயே, மீதி எட்டு எங்கே?’ என்று கேட்பார்.

கசப்பான ஒன்றையும் மறைக்கக் கூடாது. தீவிலிருந்து வந்த பெற்றோரில் பலர், ‘நாம் அமெரிக்கக் கறுப்பர்கள் இல்லை’ என்று மகள்களுக்குச் சொல்லியே வளர்த்தார்கள். அமெரிக்காவின் தென் மாநிலங்களிலிருந்து நியூயார்க் வந்த கறுப்பின மக்களைச் சோம்பேறிகள் என்று இளக்காரமாகப் பேசுவதும் உண்டு. மறுபக்கத்திலிருந்தும் ஏளனம் வந்தது. வீட்டு வாசலைத் தாண்டியதும் இந்த வேறுபாடு யார் கண்ணுக்கும் தெரியாது என்பது மகள்களுக்குப் பெற்றோரைவிடச் சீக்கிரம் புரிந்துவிடும். கடையில் பின்தொடரும் காவலாளி எந்தத் தீவு என்று விசாரிப்பதில்லை. வீட்டில் பார்படாஸ் பெண்ணாகவும் தெருவில் கறுப்பினப் பெண்ணாகவும் வாழப் பழகிய இவர்கள்தாம் பிறகு இரு தரப்பையும் ஒரே மேடையில் உட்காரவைத்தார்கள். ஷெர்லியின் தொகுதியில் இரு தரப்பினரோடு போர்ட்டோரிக்கோ மக்களும் வாழ்ந்தார்கள். அவர்களிடம் ஸ்பானிய மொழியிலேயே பேசி வாக்குக் கேட்டார்.

கரீபியர் என்றால் ஆப்பிரிக்க வம்சாவளியினர் மட்டும்தான் என்ற எண்ணமும் தங்கள் கட்டுரையில் தொனித்தது. நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் ரிச்மண்ட் ஹில் வட்டாரத்தின் லிபர்ட்டி அவென்யூவில் நடந்தால், கயானாவிலிருந்தும் டிரினிடாடிலிருந்தும் வந்த இந்திய வம்சாவளிக் குடும்பங்களைக் காணலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறியவர்களின் சந்ததியினரும் அவர்களில் உண்டு. தமிழ்ப் பேச்சு போய்விட்டாலும் மாரியம்மன் போகவில்லை, தப்பு மேளமும் போகவில்லை. அந்த வீட்டு மகள்களின் கதை தனியே ஒரு கட்டுரைக்கு உரியது. அதைத் தாங்கள் வெளியிட்டால் தமிழ் வாசகர்கள் ஆவலோடு படிப்பார்கள்.

இந்தக் கடிதத்தை முழுமையாக வெளியிட இடம் இல்லாவிட்டாலும், குறைந்தது இரண்டு திருத்தங்களையாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ‘பெற்றோரால் கைவிடப்பட்டு’ என்பதை ‘பெற்றோரால் பார்படாஸில் உள்ள பாட்டியிடம் வளர அனுப்பப்பட்டு, 1934-ல் திரும்ப அழைத்துக்கொள்ளப்பட்டு’ என்று மாற்ற வேண்டும். படத்தின் கீழ் ‘ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறியவர்களின் மகள்’ என்று அச்சாகியிருப்பதும் தவறு. தாய் பார்படாஸையும் தந்தை பிரிட்டிஷ் கயானாவையும் சேர்ந்தவர்கள். தந்தையின் பெயரைக் குறிப்பிட்ட கட்டுரை தாயின் பெயரை விட்டுவிட்டது. அவர் பெயர் ரூபி சீல்.

தங்கள் உண்மையுள்ள,
ஒரு வாசகி,
புரூக்ளின், நியூயார்க்.